பன்றிக்குப் போடும் ஊசி யாருக்காக?

நம்ம பூந்தமல்லியில இருந்து பெங்களூரு ஹைவேயைப் பிடிச்சா வேலூர். இன்னைக்குக் கதையோட திருப்பம் அங்கதான்.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். இந்தியாவில வேலை பார்த்துட்டு ஊர் திரும்பின பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலருக்கு, சில வருஷம் கழிச்சு வலிப்பு வந்தது. காரணம், மூளையில பன்றி நாடாப்புழுவோட லார்வா கட்டிகள். 1961ல டிக்சன், லிப்ஸ்கோம்ப் ரெண்டு பேரும் 450 நோயாளிகளோட விவரத்தை வெளியிட்டாங்க.

சரி, நம்ம ஊர் மக்கள்? 1980கள்ல வலிப்போட வந்தவங்க ஸ்கேன்ல ஒரு சின்னக் கட்டி தெரிஞ்சா, டிபின்னு நினைச்சு மாசக்கணக்கா மாத்திரை கொடுப்பாங்க. வேலூர் சிஎம்சியில சாண்டி, ராஜசேகர் குழு அந்தக் கட்டிகளை எடுத்துப் பரிசோதிச்சாங்க. பலதும் இதே லார்வாதான்னு 1989ல லான்செட் இதழ்ல எழுதினாங்க.

"நான் பன்றிக்கறியே தொடமாட்டேனே"ன்னு நினைக்கறீங்களா? சரியா வேகாத கறி சாப்பிட்டா குடல்ல புழு வரும். மூளைக்குப் போற வழி வேற. புழு இருக்கிறவரோட மலத்துல முட்டை வெளிய வரும். அது கழுவாத கை, தண்ணி, காய்கறி வழியா யார் வாய்க்கும் போகலாம். சைவக்காரங்களுக்கும் வரும். அதே மலத்தைப் பன்றி தின்னா அதோட தசையில கட்டி. அந்தக் கறி திரும்ப மனுஷனுக்கு. முடிவில்லாத லூப்.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தோட மார்ஷல் லைட்டவுலர்ஸ் இந்த லூப்பைப் பன்றிகிட்ட உடைக்கப் பார்த்தார். புழுவோட ஒரு புரதத்தைத் தடுப்பூசியா போட்டா, முட்டையில இருந்து வர்ற கரு தசையில குடியேறும் முன்னாடியே செத்துடும். ஏற்கெனவே இருக்கிற கட்டிக்கு ஆக்ஸ்ஃபெண்டசோல் மருந்து. கேமரூன்ல ரெண்டும் கொடுத்த பன்றிகள்ல உயிருள்ள கட்டி ஒண்ணுகூட இல்லைன்னு 2010ல முடிவு வந்தது. 2016ல ஹைதராபாத் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனம் 'சிஸ்வாக்ஸ்'ங்கிற பேர்ல இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

சிக்கல் இங்கதான். இந்தக் கட்டியால பன்றிக்குப் பெருசா நோவு தெரியாது. ஊசி போட்டா எடை ஏறாது. செலவு வளர்க்கறவருக்கு, பலன் ஊருக்கு. கோமாரி வந்தா பால் குறையும். அதுக்கு மாட்டுக்கு அரசே இலவசமா ஊசி போடுது. பன்றி ஊசி காப்பாத்துறது நம்ம மூளையை. அப்போ அந்தச் செலவையும் கழிப்பறை, குடிநீர் மாதிரி பொதுச் சுகாதாரக் கணக்குலதானே எழுதணும்?

யோசிங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.