கரித்துணியின் கதை

மன்னர்களின் மணிமுடிக்கு வரலாறு உண்டு. மாற்றாரை வீழ்த்திய வாளுக்கு வரலாறு உண்டு. பட்டுக்கும் மிளகுக்கும், பவளத்துக்கும் முத்துக்கும் வரலாறு உண்டு. அடுப்பங்கரையின் மூலையிலே, ஆணியொன்றில் தொங்கிக்கொண்டிருக்கிறதே, அந்தக் கரித்துணிக்கு? அதற்கும் உண்டு, தோழர்களே! எழுதுவார்தாம் இல்லை. கொலுமண்டபத்தைப் புகழ்ந்த எழுதுகோல் அடுப்பங்கரையை எட்டிப் பார்க்கவில்லை. ஏனெனில், அங்கே புகையில் வெந்தவள் பெண்!

நம் வீடுகளில் கரித்துணி கடையிலே வாங்கப்பட்ட பொருளன்று. வேட்டி நைந்தால் துண்டாகும். துண்டு கிழிந்தால் அடுப்பங்கரைக்கு வரும். பானையை இறக்கவும், சிந்தியதைத் துடைக்கவும் பயன்பட்டு, இற்றுப்போனபின் மண்ணோடு மண்ணாகும். பாத்திரம் துலக்கவோ, தேங்காய் நாரும் பீர்க்கங்கூடும். உடன் சாம்பலும் புளியும். எறிவதற்கென்றே எதையும் வாங்காத காலம் அது.

"ஆகா, அதுவன்றோ பொற்காலம்!" என்று பழம்பெருமை பாடிட நான் வரவில்லை. ஈரம் உலராத அந்தத் துணியிலேதான் நோயும் குடியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகையை அன்று அறிந்தாரில்லை. அறிந்ததெல்லாம் தீட்டு ஒன்றே! யார் தொட்டார் என்று கேட்டனர். என்ன ஒட்டியது என்று கேட்டாரில்லை.

கேட்டது அறிவியல். 1847ஆம் ஆண்டு, வியன்னா நகர மருத்துவமனையிலே, பிணத்தை அறுத்த கையோடு பிள்ளைப்பேறு பார்க்க வந்த மருத்துவர்களைக் குளோரின் சேர்ந்த நீரில் கை கழுவச் செய்தார் செம்மல்வைஸ். தாய்மாரின் சாவு சரிந்தது. ஏன் சரிந்தது என்பதை அவரால் முழுமையாக விளக்க இயலவில்லை. பின்னர் பாஸ்டரும் இராபர்ட் கோக்கும் விளக்கினர்: நோய் பலவற்றின் வேர் நுண்ணுயிர், அதனை வெல்லும் படைக்கலம் வெப்பமும் தூய்மையும்!

அந்த உண்மை அமெரிக்க நாட்டிலே ஒரு புதுப் பொருளைப் பிறப்பித்தது. பள்ளியிலும் புகைவண்டி நிலையத்திலும் பலரும் ஒரே துண்டிலே கை துடைத்த காலம். பலர் வாய் வைத்த பொதுக் குவளைக்கு 1909இல் கான்சஸ் மாநிலம் தடை விதித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1907இல், ஸ்காட் நிறுவனம் கைதுடைக்கும் காகிதத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஒருவருக்கு ஒரு தாள், துடைத்ததும் எறி. பொது இடத்திலே அது நியாயம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால், 1931இல் அதே காகிதம் சுருள் உருவில் அடுப்பங்கரைக்குள்ளும் நுழைந்தது. மரத்தை வீழ்த்தி, கூழாக்கி, வெளுத்து, தாளாக்கி, மேசையிலே சிந்திய ஒரு துளிப் பாலைத் துடைத்துக் குப்பையில் எறிவதா? நோயை ஒழிக்க வந்தது, வீணாக்குவதை வழக்கமாக்கும் வாணிபமாயிற்று!

வேறு வழி இல்லையா? இருந்தது. காட்டியது சுவீடன். 1949இல் அந்நாட்டுப் பொறியாளர் கர்ட் லிண்ட்குவிஸ்ட், மரக்கூழின் சாரமான செல்லுலோசையும் பருத்தி இழையையும் இணைத்து ஒரு துடைப்புத் துணியைக் கண்டார். 'வெட்டெக்ஸ்' என்பது அதன் பெயர். காய்ந்தால் அட்டைபோல் விறைக்கும். நனைந்தால் பஞ்சுபோல் குழையும். இத்தகைய செல்லுலோசுப் பஞ்சு செய்யும் முறையே சுவையானது. கூழிலே சோடியம் சல்பேட்டு உப்பின் படிகங்களைக் கலப்பர். சூடேற்ற, உப்பு கரைந்து வெளியேறும். அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாகும். தன் எடையைப்போல் பல மடங்கு நீரை அத்துளைகள் ஈர்க்கும். துவைத்துத் துவைத்துப் பல மாதம் பயன்படுத்தலாம். தேய்ந்தபின் எருக்குழியிலே இட்டால் மட்கிவிடும். பிளாஸ்டிக் பஞ்சோ மட்காது. தேயத் தேய நுண்துகளாகி நீரிலே கலக்கும்.

எனினும், "பசுமை" என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும் பகுத்தறிவைக் கழற்றி வைத்துவிடலாமா? கூடாது! செல்லுலோசைக் கூழாகக் கரைக்கும் விஸ்கோஸ் முறை 1892இல் இங்கிலாந்திலே காப்புரிமை பெற்றது. அதற்குத் தேவை கார்பன் டைசல்பைடு என்னும் நச்சு நீர்மம். அதன் ஆவியைச் சுவாசித்த ஆலைத் தொழிலாளர்கள் நரம்பு தளர்ந்தனர். மனம் பேதலித்தோரும் உண்டு. அடுப்பங்கரை தூய்மையாக, ஆலையிலே ஒருவன் அழிவதா? மண்ணுக்கு நல்லதா என்று கேட்பவர், செய்தவனுக்கு நல்லதா என்றும் கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்கு அஞ்சாத துணி ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது: கிழிந்த பருத்தி வேட்டி! புதிதாக எந்த ஆலையும் அதற்காகப் புகை கக்கவேண்டியதில்லை.

ஆனால், பழைய துணியைப் பழைய வழக்கத்தோடு வைத்துக்கொள்ளாதீர். 2017இல் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள், வீடுகளில் பயன்பட்ட 14 சமையலறைப் பஞ்சுகளை ஆய்ந்தனர். சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டரில் 5,000 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்கள்! எல்லாம் நோய் தருவன அல்ல. எனினும், ஈரமும் உணவுத் துணுக்கும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு அது சான்று. தடித்த பஞ்சு உள்ளே ஈரத்தைச் சேமிக்கும்; மெல்லிய துணி விரைவில் உலரும். ஆகவே, துடைத்ததும் அலசிப் பிழிந்து விரித்துக் காயவைக்கவேண்டும். அடிக்கடி கொதிநீரிலே இட்டு எடுக்கவேண்டும். பச்சை இறைச்சி பட்ட துணி வேறு, தட்டைத் துடைக்கும் துணி வேறு என்று பிரிக்கவேண்டும்.

"வேண்டும், வேண்டும்" என்று அடுக்கிவிட்டேன். யார் செய்யவேண்டும்? இங்கேதான் கதையின் கரு. காகிதச் சுருள் அமெரிக்க இல்லத்தில் வென்றதற்குக் காரணம் விளம்பரம் மட்டுமன்று. துவைப்பதும் பிழிவதும் ஒருத்தியின் தலையிலேயே விழுந்தன, அவள் களைத்தாள், தாளை எடுத்தாள். அவளைக் குறைகூற நமக்கு என்ன உரிமை? துணியைக் காப்போம் என்று முழங்கிவிட்டு, துவைக்கும் வேலையை மீண்டும் அவளுக்கே ஒப்படைத்தால், அது சீர்திருத்தமன்று. பழைய நுகத்தடிக்குப் புதுச் சாயம்!

மேடையிலே பெண்ணுரிமை பேசி வீடு திரும்பும் தோழனே! இன்றிரவு உணவு முடிந்ததும் அடுப்பங்கரைக்குச் செல். ஆணியில் தொங்கும் அந்தத் துணியை உன் கையால் எடு. கொதிநீரில் இடு, பிழி, விரித்துப் போடு. நாளையும் செய். கரித்துணியின் வரலாற்றிலே இதுவரை எழுதப்படாத பக்கம் அது ஒன்றுதான்.