ஸ்டூடியோவுக்குப் பிறந்து மேடைக்கு வந்த மைக்

ஆயுத பூஜை வந்தால் ஓசூரில் மைக் செட்காரர்களுக்கு ஓய்வு கிடையாது. தொழிற்சாலைகளில் பூஜை முடிந்ததும் இன்னிசைக் கச்சேரி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பாட்டு கேட்பார்கள். கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மனுக்குப் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். பனியும் தூசியும் ஒருபுறம். ஆளுக்கு ஆள் கைமாறும் மைக் கீழே விழுவது மறுபுறம். இத்தனையும் தாங்க எதை வாங்கலாம் என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் சொல்லும் பெயர் ஷூர் எஸ்.எம்.58.

1966-ல் அமெரிக்காவின் எவன்ஸ்டன் நகரில் அது பிறந்தபோது மேடை யார் மனதிலும் இல்லை. எஸ்.எம். என்றால் ஸ்டூடியோ மைக்ரோஃபோன். ஒளிபரப்பு நிலையங்களுக்காகச் செய்ததால்தான் விளக்கொளியில் மின்னாத சாம்பல் நிறம். தவறி அணைந்துவிடாதபடி சுவிட்சும் இல்லை.

அதன் வேர் இன்னும் பழையது. முன்னால் வரும் குரலை வாங்கி, பின்னால் வரும் சத்தத்தைத் தள்ளும் மைக்குக்கு அந்தக் காலத்தில் இரண்டு உறுப்புகள் தேவைப்பட்டன. 1939-ல் ஷூர் நிறுவனத்தின் பெஞ்சமின் பாவர் அதை ஒரே உறுப்பில் முடித்தார். அதுதான் யூனிடைன். ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள் புகுந்தால்தானே ஃபீட்பேக் கத்துகிறது? பின்பக்கம் செவிடாக இருப்பது மேடை மைக்குக்குப் பெரிய வரம்.

1959-ல் அதே நிறுவனத்தின் எர்னி சீலர் யூனிடைனைச் சிறிதாக்கி, நுனியில் வாய் வைத்துப் பாடும்படி மாற்றினார். அவருடைய உண்மையான சாதனை கைப்பிடிக்குள் இருக்கிறது. ஒலியை வாங்கும் உறுப்பான கேப்ஸ்யூல் ரப்பரில் மிதக்கும். அது அதிர்ந்தால், உள்ளே அடைபட்ட காற்று, ஒலிக்கு அதிரும் மெல்லிய சவ்வான டயஃப்ரத்தின் பின்புறம் அழுத்தி அந்த அதிர்வைத் தணிக்கும். பாடகர் மைக்கைப் பிடித்து மாற்றும்போது எழும் கரகர சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாததன் காரணம் இதுதான். இந்த அமைப்பு 1965-ல் எஸ்.எம்.57 ஆனது, மறு வருடம் குரலுக்கென்று உருண்டை இரும்பு வலையும் உள்ளே ஸ்பாஞ்சும் வைத்து 58 வந்தது. கீழே விழுந்தால் வலை நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும், கேப்ஸ்யூல் பிழைக்கும்.

ஸ்டூடியோக்கள் எதிர்பார்த்த அளவு வாங்கவில்லை. 1970 வாக்கில் லாஸ் வேகாஸ் மேடைகளின் ஒலிக்காரர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கேதான் அதன் வாழ்வு தொடங்கியது.

ரெக்கார்டிங்குக்கு ஆகுமா? 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். அமைதியான, ஒலித்தடுப்பு செய்த அறையில் நல்ல கண்டன்சர் மைக் நுணுக்கமாகப் பதியும். ஆனால் கண்டன்சருக்குத் தனியாக மின்சாரம் வேண்டும். சுற்றுச் சத்தத்தையும் சேர்த்து வாங்கும். பெங்களூரு நெடுஞ்சாலை லாரிச் சத்தம் கேட்கும் வீட்டு அறையில் பாடிப் பதிவு செய்பவருக்கு நான் 58-ஐயே சொல்வேன்.

இதற்குப் போலிகள் ஏராளம். பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்; அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு வாங்குங்கள். அசலின் எடை சுமார் 298 கிராம், தராசில் வைத்தும் பாருங்கள். வாங்கிய பின் வலையைத் திருகிக் கழற்றி அவ்வப்போது கழுவி, ஈரம் முழுவதும் காய்ந்த பிறகே மாட்டுங்கள். வலை நசுங்கினால் மைக்கைத் தூக்கி எறிய வேண்டாம். வலை மட்டும் தனியாகக் கிடைக்கும்.