கட்டை தட்டிய கை

திருச்சுழிக்கு வெள்ளைக்காரர்கள் வருவதைச் சின்ன வயசிலிருந்தே பார்த்திருக்கிறேன். 1879இல் ரமணர் பிறந்த வீடு அங்கேதான் இருக்கிறது. வீட்டைப் பார்ப்பார்கள், கோவிலைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். ஒரு தடவை வழி தவறிய கார் ஒன்று பரளச்சிப் பக்கம் வந்து, எங்கள் ஊர்க்கிணற்றுக்கு அருகில் நின்றது. இறங்கியவர் கரிசல் காட்டைப் போட்டோ எடுத்தார். யாராவது தண்ணீர் ஊற்றமாட்டார்களா என்று காலிக் குடத்தோடு தள்ளி நின்ற எங்க அப்பத்தாவையும் எடுத்தார். கார் போனதும் அப்பத்தா சொல்லுச்சு: "படம் புடிச்சாகளே, எதுக்கு ஒத்தயில தள்ளி நிக்கேன்னு ஒரு வார்த்த கேட்டாகளா?"

அந்தக் கேள்வியோடுதான் பழைய பயணிகளிடம் போகிறேன். வட இந்தியாவைச் சாலை வழியே சுற்றிய அந்நியர்களில் மூன்று பேர் நம்மைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். என்ன பார்த்தார்கள்? எதைக் கேட்காமல் போனார்கள்?

முதலில் பாகியான். சீனத் துறவி. பௌத்த வினய நூல்களைத் தேடி 399இல் சாங்கான் நகரிலிருந்து புறப்பட்டவர், பாலைவனமும் பனிமலையும் கடந்து மதுரா, கன்னோசி, பாடலிபுத்திரம், கயா, காசி என்று நடந்தார். பள்ளிக்கூடத்தில் நமக்கு இவரைத் தெரியும். 'குப்தர் காலம் பொற்காலம் என்பதை விளக்குக' என்ற கேள்விக்கு இவரைத்தான் சாட்சியாக எழுதி மார்க் வாங்கினோம். சனங்கள் செழிப்பாக இருந்தார்கள், அரசன் கடுந்தண்டனை தரவில்லை, உயிரைக் கொல்வதில்லை, கள் குடிப்பதில்லை, வெங்காயம் பூண்டுகூடத் தின்பதில்லை. இதையெல்லாம் வாத்தியார் நடத்தினார். அதை ஒட்டியே பாகியான் எழுதிய அடுத்த சேதி மட்டும் எங்கள் வகுப்புக்கு வரவில்லை. சண்டாளர்கள் மட்டும் விலக்கு. அவர்கள் தனியே வசிக்கிறார்கள். ஊர் வாசலிலோ கடைத்தெருவிலோ நுழையும்போது கட்டையைத் தட்டிச் சத்தம் எழுப்பவேண்டும். சத்தம் கேட்டு மற்றவர்கள் விலகிக்கொள்வார்கள்.

பொற்காலத்தின் சத்தம் இதுதான் தோழர்களே. பாகியான் இதை நேர்மையாகக் குறித்தார். ஆனால் கட்டை தட்டியவரிடம் போய் அவர் பேசியதாக ஒரு வரி இல்லை. தட்டாமல் வந்தால் என்ன நடக்கும் என்ற கேள்வியும் இல்லை. இன்னொன்று: சண்டாளர்கள்தான் மீன் பிடிக்கிறார்கள், வேட்டையாடுகிறார்கள், கறி விற்கிறார்கள் என்கிறார். நாடு முழுக்கப் புலால் தின்னாதவர்கள் என்றால் அந்தக் கறியை வாங்கினவன் யாரு? விகாரைகளில் தங்கிய துறவிக்கு மேலே இருப்பவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதையே அவர் எழுதிக்கொண்டார் என்று எனக்குப் படுகிறது.

அடுத்தவர் யுவான் சுவாங். 629இல் புறப்பட்டு 645இல் திரும்பியவர். நாலந்தாவில் படித்தார், ஹர்ஷரின் அவையில் மரியாதை பெற்றார். அவர் எழுத்தில் ஒதுக்கப்பட்டவர்களின் பட்டியல் நீளுகிறது: கசாப்புக்காரர், மீன்பிடிப்பவர், கூத்தாடி, கொலைத்தண்டனை நிறைவேற்றுபவர், துப்புரவு செய்பவர். இவர்கள் வீடுகளுக்குத் தனி அடையாளம், குடியிருப்பு ஊருக்கு வெளியே, உள்ளே வந்தால் இடது ஓரமாக ஒதுங்கி நடக்கவேண்டும்.

மூன்றாவது அல்பிரூனி. 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றிய தன் நூலை எழுதி முடித்தவர். இங்கே அந்நியரை மிலேச்சர் என்று தீட்டாக ஒதுக்கியதை அவரே பதிவு செய்திருக்கிறார். ஒதுக்கல் பட்டவர் என்பதாலோ என்னவோ, நுணுக்கமாகப் பார்த்தார். நாலு வருணத்துக்கும் கீழே, ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட எட்டுத் தொழில்காரர்களை எண்ணிச் சொல்கிறார். செருப்பு தைப்பவர், கூடை முடைபவர், படகோட்டி மட்டுமல்ல, நெசவாளியும் அதில் வருகிறார். அருப்புக்கோட்டையின் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த நமக்கு இது யோசிக்க வேண்டிய இடம். எந்தத் தொழில் வெளியே, எந்தத் தொழில் உள்ளே என்பது காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது. மாறுகிற ஒன்றை மனுசன்தான் செய்திருக்க முடியும். மனுசன் செய்ததை மனுசன் உடைக்கவும் முடியும்.

இந்தப் பயணிகளைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிக் குறுக்குவிசாரணை செய்தவர் அம்பேத்கர். தீண்டப்படாதார் யார் என்று ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட நூலில், பாகியான் சொன்னதை அப்படியே தீண்டாமைக்குச் சான்றாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அது சண்டாளரை மட்டும் பற்றிய சேதி என்று தள்ளிவைத்தார். யுவான் சுவாங் காலத்துக்குள் தீண்டாமை வந்துவிட்டது என்று கண்டார். ஏறக்குறைய கி.பி. 400இல் அது பிறந்தது என்று கணித்தார். இந்த முடிவோடு வாதாடலாம். ஆனால் தீண்டாமைக்குப் பிறந்த தேதி கேட்டாரே, அதுதான் பெரிசு. பிறந்த தேதி இருந்தால் சாகிற தேதியும் உண்டு.

அவரும் ஒரு சாலைப் பயணம் போனார். 1934இல் இயக்கத் தோழர்கள் சுமார் முப்பது பேரோடு பஸ்ஸில் வேரூள் குகைகளைப் பார்க்கக் கிளம்பி, வழியில் நிஜாம் ஆட்சியிலிருந்த தௌலதாபாத் கோட்டைக்குப் போனார். புழுதி படிந்த முகத்தை வாசலில் இருந்த குளத்துத் தண்ணீரில் கழுவினார்கள். தீண்டப்படாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. கூடியவர்கள் முஸ்லிம்கள், மதம் வேறாக இருந்தும் சாதி அங்கேயும் காவலுக்கு நின்றது. கடைசியில் கோட்டைக்குள் விட்டார்கள், எங்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய ஒருவனைக் கூடவே அனுப்பி. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துப் பட்டம் வாங்கிய மனுசனுக்குச் சொந்த நாட்டில் இந்த நிலை. அதை எழுதிய சிறுநூலுக்கு அவர் வைத்த பேர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. தீண்டாமை எப்படி உறைக்கும் என்று அறியாத அந்நியருக்குப் புரியவைப்பதற்காகவே அதை எழுதினார். அது தனி நூலாக வந்தது 1990இல்தான்.

ஆயிரத்து அறுநூறு வருசத்துக்கு முந்தி பாகியான் கட்டைச் சத்தத்தைக் கேட்டார். தட்டிய கை பேனா பிடித்து எழுதியபோதுதான் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் கிடைத்தது. பயணிகளின் குறிப்பு நமக்கு வேண்டும், அதுவும் சாட்சிதான். ஆனால் ரோட்டிலிருந்து பார்த்த சாட்சி. கிணற்றடியில் தள்ளி நின்றவர்களின் சாட்சியை நாம்தான் எழுதவேண்டும். உங்கள் ஊரில் வயசானவர்கள் இருந்தால் இன்றைக்கே போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்தார்கள், எந்தக் கிணற்றில் எவ்வளவு நேரம் நின்றார்கள், என்றைக்கு, யார் முதலில் மறுத்தது என்று ஊர்ப்பேரோடும் வருசத்தோடும் எழுதி வையுங்கள்.

எங்க அப்பத்தா செத்துப்போச்சு. அந்தப் போட்டோ எந்த நாட்டில் எந்த வீட்டில் இருக்கிறதோ. அது தள்ளி நின்ற காரணத்தை இங்கே எழுதிவிட்டேன்.