மூளைக்கட்டிச் சிகிச்சை வரலாற்றில் நோயாளரின் பங்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் வைத்தியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மூளைக்கட்டிச் சிகிச்சையின் வளர்ச்சியை நுணுகி நோக்குமிடத்து, அவ்வறிவின் ஆக்கத்தில் நோயாளரும் பங்காளிகளாக விளங்கியமை புலனாகும்.

உடலின் எவ்வுறுப்பை மூளையின் எப்பகுதி இயக்குகின்றது என்பதை டேவிட் ஃபெரியர் 1870களில் குரங்குகளில் நடத்திய ஆய்வுகள் காட்டின. இவ்வறிவைத் துணைக்கொண்டு, இலண்டனில் வைத்தியர் ஹியூஸ் பெனற் வலிப்பும் கைவழக்கமின்மையும் கொண்ட ஒருவரின் மூளையில் கட்டி அமைந்திருந்த இடத்தைப் புறக்குறிகளாலேயே கணித்தார். எக்ஸ் கதிர் கண்டறியப்படுவதற்கு 11 ஆண்டுகள் முற்பட்ட காலம் அது. 1884 நவம்பர் 25ஆம் நாள் றிக்மன் கொட்லி மண்டையோட்டைத் திறந்து அக்கட்டியை அகற்றினார். கணிப்புப் பொய்க்கவில்லை, எனினும் ஏறத்தாழ ஒரு மாதத்தில் நோயாளி தொற்றினால் இறந்தார். சத்திரசிகிச்சையின் வெற்றியும் நோயாளியின் வாழ்வும் வெவ்வேறானவை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இவ்வேறுபாட்டை முறையாகப் பதிவுசெய்தவர் அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளரான ஹார்வி குஷிங் ஆவர். 1931இல் தமது 2000ஆவது மூளைக்கட்டிச் சத்திரசிகிச்சையை நிறைவேற்றிய அவர், மறுவருடம் வெளியிட்ட நூலில் இறப்பு வீதங்களையும் மறையாது தந்தார். சிகிச்சை பெற்றோர் ஆண்டுதோறும் தம் நிலையைக் கடிதமூலம் அறிவிக்க வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். வைத்தியசாலையை விட்டு நீங்கிய பின்னரான வாழ்வும் இவ்வாறு மருத்துவச் சான்றாயிற்று.

ஆயினும் ஒருவரது அனுபவம் எத்துணை விரிந்ததாயினும், இரு சிகிச்சைகளுள் எது சிறந்தது என்பதை ஐயமற நிறுவப் போதாது. தேறக்கூடியவர்களையே வைத்தியர் தெரிவுசெய்திருத்தல் கூடும். இக்குறையை நீக்கவே நோயாளரை எழுமாறாகப் பிரித்து ஒப்பிடும் முறை கைக்கொள்ளப்பட்டது. கொடிய மூளைக்கட்டி உடையோரிடம் நடத்தப்பட்டு 1978இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சத்திரசிகிச்சையின் பின் ஆதரவுப் பராமரிப்பை மட்டும் பெற்றோரின் இடைய உயிர்வாழ்காலம் 14 வாரங்கள். கதிர்ச்சிகிச்சை பெற்றோருக்கு 35 வாரங்கள். கதிர்ச்சிகிச்சையின் பயன் இவ்வாறு எண்களால் நிறுவப்பட்டது.

2005இல் வெளியான மற்றோர் ஆய்வில் கிளையோபிளாஸ்டோமா நோயாளர் 573 பேர் பங்குபற்றினர். கதிர்ச்சிகிச்சையுடன் டெமோசோலோமைட் எனும் மருந்தையும் வழங்கியபோது இடைய உயிர்வாழ்காலம் 12.1 மாதங்களிலிருந்து 14.6 மாதங்களாயிற்று. இரண்டாண்டுகளின் பின் உயிரோடிருந்தோர் 10.4 வீதத்திலிருந்து 26.5 வீதமாயினர்.

இரண்டரை மாதங்கள் சிறு காலமே எனலாம். ஆனால் அக்காலத்தை அளந்தறிய, தமக்கு எச்சிகிச்சை கிடைக்கும் என்பதை எழுமாற்றுத் தெரிவுக்கு விட்டுக்கொடுக்க நோயாளர் இசைந்தனர். புதிய மருந்து தொடக்கத்தில் கிட்டாத பிரிவினரின் வாழ்நாள்களே ஏனையோர் பெற்ற பயனுக்கு அளவுகோலாயின. கொட்லி, குஷிங் முதலியோரின் பெயர்களை வரலாறு போற்றுகின்றது. பெயர் குறிக்கப்படாத இந்நோயாளருக்கும் அவ்வரலாற்றில் உரிய இடம் அளித்தல் ஆய்வாளரின் கடனாகும்.