மணவாளக்குறிச்சி மணலும் எரிபொருள் மின்கலமும்

மின்சாரம் எட்டிப் பாராத நாட்களில், சித்தையன்கோட்டை போன்ற நம் ஊர்களில் நிக்காஹ் என்றால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னே பெட்ரோமாக்ஸ் விளக்குகள் அணிவகுத்துச் செல்லும். விளக்கின் நடுவே தொங்கும் சிறு வலைப்பையை ‘மேண்டில்’ என்பர். மண்ணெண்ணெய் ஆவியின் சூட்டில் அந்த வலை பளீரென ஒளிரும், தெருவே பகலாகும். அந்த வெண்ணொளி எங்கிருந்து வந்தது என்று நாம் அன்று கேட்டதில்லை.

அது நம் கடற்கரை மணலிலிருந்து வந்தது. மேண்டில் வலையில் தோய்க்கப்பட்ட தோரியம் என்னும் பொருள் மோனசைட் மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணல் துகள்களைக் கண்டு, அவற்றின் பிறப்பிடத்தைத் தேடி வந்த ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், 1909ஆம் ஆண்டில் மணவாளக்குறிச்சியில் அதைக் கண்டறிந்தார் என்பது வரலாறு. அன்று திருவிதாங்கூரில் இருந்து, 1956 நவம்பர் முதல் நாளில் தமிழ்நாட்டோடு இணைந்த குமரி மாவட்டத்து ஊர் அது. மணல் கப்பலேறிப் போயிற்று. அதிலிருந்து பிறந்த பொருள் மேண்டிலாக மாறி மீண்டும் விலைக்கு வந்தது. மண் நம்முடையது, அதைப் பொருளாக்கும் அறிவு பிறருடையது.

அதே மணலில் சர்க்கான் என்ற மற்றொரு கனிமமும் கலந்திருக்கிறது. அதிலிருந்து கிடைக்கும் சர்க்கோனியம் ஆக்சைடு, இன்று எரிபொருள் மின்கலம் என்னும் கருவியின் ஒரு வகைக்கு உயிர்நாடியாக விளங்குகிறது. மேண்டிலின் கதை மீண்டும் நடக்குமா, அல்லது இம்முறை வேறு முடிவு உண்டா என்பதை அறிய, அக்கருவியின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

எரிபொருளை எரித்து, நீராவி எழுப்பி, உருளையைச் சுழற்றி மின்சாரம் பெறுவது அனல்மின் நிலையத்தின் முறை. எரிக்காமலே, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் இரு மின்முனைகளில் செலுத்தி, அவை கூடி நீராகும்போது நேராக மின்சாரம் பெறுவது எரிபொருள் மின்கலத்தின் முறை. இந்த உண்மை புதிதன்று. சுவிட்சர்லாந்தில் ஷோன்பைன் என்ற வேதியியலாரும், பிரிட்டனில் வில்லியம் குரோவ் என்ற வழக்கறிஞரும் 1839ஆம் ஆண்டிலேயே இதைக் கண்டு எழுதினர். தத்துவம் அன்றே கைக்கு வந்துவிட்டது. ஆனால் பயன்படும் கருவி உருவாக 120 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஏன்? தத்துவத்தைத் தாங்கத்தக்க பொருள் கிடைக்கவில்லை. மின்முனைக்கு எது, இடையிலுள்ள மின்பகுளிக்கு எது என்ற தேடலே இக்கருவியின் வரலாறு எனலாம்.

அத்தேடலில் முதலில் வென்றவர் பிரான்சிஸ் பேக்கன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1932இல் தொடங்கி 1959இல்தான் 5 கிலோவாட் தரும் கருவியை அவரால் இயக்கிக் காட்ட முடிந்தது. விலையுயர்ந்த பிளாட்டினத்தை விலக்கி நிக்கல் மின்முனைகளையும், அமிலத்தை விலக்கிப் பொட்டாசியக் காரத்தையும் அவர் கொண்டார். காரத்துக்கு ஐரோப்பியர் வழங்கும் ‘அல்கலி’ என்ற பெயர் ‘அல்-கலீ’ என்ற அரபுச் சொல்லே. நம் கடற்கரை உமரியைப் போன்ற உவர்நிலச் செடிகளைச் சுட்டெடுத்த சாம்பலைக் குறிப்பது அது. பேக்கனின் வழிவந்த மின்கலங்களே அப்பல்லோ விண்கலங்களுக்கு மின்சாரமும் வீரர்களுக்குக் குடிநீரும் தந்தன. ஆயினும் அந்தக் காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கெடுவது. தூய ஆக்சிஜன் கிடைக்கும் விண்கலத்தில் செழித்த கருவி, தரையில் தளர்ந்தது.

மற்றொரு வகை, பிளாஸ்டிக் தாள் போன்ற சவ்வை மின்பகுளியாகக் கொண்டது. அமெரிக்காவில் 1950களில் உருவான இவ்வகை, 1965 ஆகஸ்டில் ஜெமினி-5 விண்கலத்தில் சென்றது. இன்று ஹைட்ரஜன் பேருந்துகளை ஓட்டுவது இவ்வகையே. இதற்குப் பிளாட்டினம் இன்றியமையாதது. அதுவோ தூய ஹைட்ரஜனையே ஏற்கும். ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு சிறிதளவு கலந்தாலும் அது பிளாட்டினத்தின் மேற்பரப்பை அடைத்துக்கொள்ள, கலம் சோர்ந்துவிடும்.

இங்கே வாசகர் ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். கருவியை எந்தப் பொருளால் செய்கிறோமோ, அந்தப் பொருளே எரிபொருளையும் தீர்மானிக்கிறது. பிளாட்டினத்தைத் தேர்ந்தவர் தூய ஹைட்ரஜனுக்குக் கட்டுப்பட்டவர்.

தூய ஹைட்ரஜன் இயற்கையில் எளிதில் அள்ளக் கிடைப்பதன்று. உலகில் இன்று உண்டாக்கப்படும் ஹைட்ரஜனில் மிகப்பெரும் பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. இயற்கை எரிவாயுவிலிருந்து 1 கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் ஏறத்தாழ 10 கிலோ கரியமில வாயு வெளியேறும். நீரை மின்னாற்பகுத்து எடுக்கலாம். ஆனால் ஒரு கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் செலவாகும். அதை மின்கலத்தில் இட்டால் திரும்பக் கிடைப்பது ஏறத்தாழ 16, 17 யூனிட். மூன்று படி அளந்து ஒரு படி வாங்கும் கணக்கு இது. மிஞ்சிய வெயிலையும் காற்றையும் சேமித்து வைக்க இது உதவும். மின்சாரமே போதாத இடத்தில் உதவாது.

எனவே நம் பார்வை மீண்டும் மணவாளக்குறிச்சி மணலை நோக்கித் திரும்புகிறது. 1890களின் இறுதியில் வால்டர் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானிய அறிஞர், சர்க்கோனியம் ஆக்சைடுடன் சிறிது இட்ரியம் ஆக்சைடைக் கலந்தால், அந்தப் பீங்கான் கடுஞ்சூட்டில் மின்சாரத்தைக் கடத்துவதைக் கண்டார். அதைக்கொண்டு விளக்கொன்றும் செய்தார். முன்னரே சூடேற்றினாலன்றி அது எரியாது. பெட்ரோமாக்ஸைப் பற்றவைத்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. 1937இல் சூரிச் நகரில் எமில் பௌர் என்பவர் அதே பீங்கானை மின்பகுளியாக வைத்து, ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸ் சூட்டில் மின்கலம் ஒன்றை இயக்கினார். விளக்கு மறைந்தது, பீங்கான் நிலைத்தது.

இவ்வகையில் பிளாட்டினம் தேவையில்லை. சூடே வினையை விரைவுபடுத்துகிறது. பீங்கானின் ஊடே செல்வது ஆக்சிஜன் அயனி ஆதலால், மறுபுறம் ஹைட்ரஜன் மட்டுமல்ல, மீத்தேனும் எரிபொருளாகலாம். இதைப் பெருந்தொழிலாக்கியவருள் ஒருவர், திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் பயின்ற கே. ஆர். ஸ்ரீதர். செவ்வாய்க் கோளின் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் ஆய்வில் ஈடுபட்டிருந்த அவர், அதே பீங்கானைத் திருப்பிப் பயன்படுத்தி மின்சாரம் பெற முனைந்து, 2001இல் அமெரிக்காவில் நிறுவிய நிறுவனமே புளூம் எனர்ஜி. அதன் கலங்கள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் இயங்குகின்றன. ஆகவே கரியமில வாயுவும் வெளிவருகிறது என்பதை மறைத்தல் ஆகாது.

நமக்கு இயற்கை எரிவாயு எதற்கு? ஆத்தூர் வட்டத்து வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த சித்தையன்கோட்டையில் மாடு உண்டு, சாணம் உண்டு. சாண எரிவாயுவில் பாதிக்கு மேல் மீத்தேனே. ஆனால் அதில் கலந்துள்ள ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றம் வீசும் அந்த வாயு, இவ்வகைக் கலத்தின் நிக்கல் மின்முனைக்கு நஞ்சாகும். துருப்பிடித்த இரும்புத் தூளின் வழியே செலுத்தியும், ஊக்கிய கரியால் வடித்தும் அதை அகற்றலாம். அக்கரி செய்ய ஏற்றது தேங்காய்ச் சிரட்டையே! தோப்பில் எறியப்படும் சிரட்டை, தொழுவத்துச் சாணத்தைத் தூய்மையாக்கும். செயல் எளிதென்று நாம் சொல்ல மாட்டோம். கடுஞ்சூட்டில் பீங்கான் விரிசல் விடாமல் காப்பது கடினம், அடிக்கடி அணைத்து ஏற்றினால் ஆயுள் குறையும், விலையும் மிகுதி. ஒரு வீட்டுக்கு இது ஆகாது. பால் சேரும் இடம், அரிசி ஆலை போன்ற பொதுவிடங்களுக்கே என்றேனும் பொருந்தும்.

அறிவுக்குப் பஞ்சமில்லை. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அது அமைந்த சிவகங்கை மாவட்டத்திலேயே கிராஃபைட் கனிமம் புதைந்திருக்கிறது. சவ்வு வகைக் கலங்களின் தகடுகள் செய்ய உதவும் பொருள் அது. சென்னையில் எரிபொருள் மின்கல ஆய்வு மையம் இயங்குகிறது. கொல்கத்தாவில் கண்ணாடி, பீங்கான் ஆய்வகம் சர்க்கோனியக் கலங்களை ஆராய்கிறது. வரலாற்றுப் புகழ்பெற்ற பழையகாயலில் சர்க்கோனியம் ஆக்சைடு எடுக்கும் ஆலையே உண்டு. அது அணு உலைகளின் தேவைக்காக அமைந்தது. 2024 ஜனவரியில் பி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தில் சென்ற நம் நாட்டு எரிபொருள் மின்கலம், 350 கிலோமீட்டர் உயரத்தில் 180 வாட் மின்சாரம் தந்தது. அதுவும் தூய ஹைட்ரஜன் வகையே. விண்ணுக்கு அது தகும். சாணமும் சிரட்டையும் உள்ள ஊருக்குத் தக்கது மற்றதே.

மணலுக்கும் ஒரு விலை உண்டு. மோனசைட்டில் உள்ள தோரியம் கதிர்வீச்சு உடையது. மணல் அள்ளுவதை எதிர்த்துக் குமரிக் கடற்கரை மக்கள் குரல் எழுப்புகின்றனர். அவர்கள் நலத்தை விற்று நாம் வெளிச்சம் வாங்கலாகாது. எடுப்பது சிறிதாயினும், எடுத்ததை முழுப் பொருளாக்கும் வரை இங்கேயே வைத்திருப்பது அறிவுடைமை.

ஊர்வலம் போன அந்தத் தெருவில் இன்று மின்விளக்குகள் எரிகின்றன. பெட்ரோமாக்ஸ் பரணில் ஏறிவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன் கயிற்றில் ஒட்டிய துகளைக் கண்டு ஓர் அந்நியர் தேடி வந்தார். அந்தத் துகளைத் தேடும் கண் இனியேனும் நம் பிள்ளைகளுக்கு வாய்க்க வேண்டும்.