ஆமைக்குப் போடும் பாசியின் கதை

வீட்டில் ஆமை வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் ஒரு சந்தேகம் வரும். கடையில் வாங்கும் குச்சித் தீனி விலை அதிகம். வீட்டுக்குப் பக்கத்து ஏரியிலோ பச்சைப் பசேலென்று செடிகள் மிதக்கின்றன. அதில் ஒரு கைப்பிடி அள்ளித் தொட்டியில் போட்டால் என்ன?

தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபமாகத் தோன்றும். சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை, முடிச்சூர் என்று திரும்பிய பக்கமெல்லாம் ஏரிதானே! பதில் சொல்வதற்கு முன் அந்தச் செடியும் அந்த ஆமையும் நம் ஊருக்கு எப்படி வந்தன என்று பார்ப்போம். இரண்டின் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பெயரை இழந்த தாமரை

ஏரிகளை மூடிக் கிடக்கும், ஊதாப் பூ பூக்கும் செடியை நாம் ஆகாயத்தாமரை என்கிறோம். ஆனால் சித்த மருத்துவ நூல்கள் ஆகாயத்தாமரை என்று சொல்வது வேறொரு செடியை. முட்டைக்கோஸ் போல இலை விரித்து மிதக்கும் சிறிய செடி அது. ஊதாப் பூச் செடி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இதன் தண்டு காற்றடைத்து வெங்காயம் போல உப்பியிருப்பதால் வெங்காயத்தாமரை என்றும் பெயர் உண்டு. வந்த செடி ஏரியை மட்டுமல்ல, பழைய செடியின் பெயரையும் பிடித்துக் கொண்டது!

இது களையாக வரவில்லை, அழகுக்காக வந்தது. 1884-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் இதைப் பரிசாகக் கொடுத்தார்கள் என்றும், அங்கிருந்துதான் அமெரிக்க ஆறுகளில் பரவியது என்றும் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துத் தோட்டக் குளங்களுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த 20, 30 ஆண்டுகளில் அங்கே ஆறுகளில் படகு ஓட்ட முடியவில்லை, நெல் வயல்கள் பாழாயின. முதல் உலகப் போர்க் காலத்தில் மக்கள் ஜெர்மனியின் மேல் பழி போட்டு இதை 'ஜெர்மனிப் பாசி' என்றே அழைத்தார்கள். கடைசியில் 1936-இல் வங்காள அரசு இந்த ஒரு செடிக்காகவே தனிச் சட்டம் கொண்டு வந்தது.

இலங்கையிலும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. 1939-இல் கொழும்புவில் தாவரவியல் பாடத்துக்காகக் கொண்டுவரப்பட்ட சால்வினியா என்ற மிதக்கும் பெரணி, வெளியே தப்பி நெல் வயல்களிலும் குளங்களிலும் பரவியது. கேரளத்தையும் அது விடவில்லை. அங்கே அதை ஆப்பிரிக்கப் பாயல் என்கிறார்கள்.

நாம் அனுப்பி வைத்தது

அந்நியச் செடிகள் மட்டும்தான் கெட்டவை என்று நினைத்துவிட வேண்டாம். நம் குளங்களில் சாதாரணமாக வளரும் வேலம்பாசியைத் தெரியும் அல்லவா? அதன் அறிவியல் பெயர் ஹைட்ரில்லா. மீனும் ஆமையும் விரும்பிக் கடிக்கும். 1950-களின் தொடக்கத்தில் மீன் தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து இது அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அனுப்பப்பட்டது. அங்கே கால்வாயில் வீசப்பட்ட செடி தழைத்தது. 1960 வாக்கில் இயற்கை நீர்நிலைகளிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அன்று முதல் அதை அழிக்க அமெரிக்கர்கள் கோடிக்கணக்கில் பணம் செலவழிக்கிறார்கள். இங்கே பாசி, அங்கே பகை!

தாம்பரமும் ஆமைகளும்

ஆமை ஆராய்ச்சிக்கும் நம் பகுதிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஜே. ஆர். ஹெண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் உயிரியல் பேராசிரியராக இருந்தார். பின்னர் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவரானார். கொச்சிக் காட்டில் கிடைத்த ஒரு சிறிய ஆமையை 1912-இல் புதிய இனமாக அறிவித்தவர் அவர்தான். அப்போது கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. சேலையூர்க் காட்டில் நிலம் பெற்று 1937-இல் தாம்பரத்துக்கு வந்தது.

அதே சேலையூரில்தான் ரோமுலஸ் விட்டேகர் தன் பாம்புப் பண்ணையை முதலில் தொடங்கினார். 1972-இல் அது கிண்டிக்கு இடம் மாறியது. 1976-இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையையும் ஆரம்பித்தார். பாம்புப் பண்ணைக்குத் தன்னார்வலராக வந்த மாணவிதான் ஜே. விஜயா. இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆராய்ச்சியாளர் என்று போற்றப்படுபவர். ஹெண்டர்சன் எழுதிவிட்டுப் போன அந்தக் காட்டு ஆமையை ஏறக்குறைய 70 ஆண்டுகள் எந்த ஆராய்ச்சியாளரும் பார்க்கவில்லை. 1982-இல் சாலக்குடிக் காட்டில் விஜயா அதைக் கண்டுபிடித்தார். 1987-இல் இளம் வயதிலேயே இறந்து போனார். 2006-இல் அந்த ஆமையின் பேரினத்துக்கு 'விஜயசெலிஸ்' என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

கடையில் கிடைக்கும் ஆமை

நம் ஏரிகளின் சொந்த ஆமை பாலாமை. தவளை, நத்தை, இறால், நீர்ச்செடி எல்லாம் தின்னும். இதையும் மற்ற நாட்டு ஆமைகளையும் வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அப்படியானால் கடைகளில் விற்ற அந்தக் குட்டிப் பச்சை ஆமை எது? கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்குமே, அது மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த சிவப்புக் காது ஆமை. குழந்தைகளுக்கு சால்மோனெல்லா கிருமி தொற்றியதால் 1975-இல் அமெரிக்கா 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை உள்நாட்டில் விற்கத் தடை விதித்தது. பண்ணைக்காரர்கள் என்ன செய்தார்கள்? வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள். 1989 முதல் 1997 வரை மட்டும் 5 கோடிக்கும் மேற்பட்ட ஆமைகள் ஏற்றுமதி ஆயின. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியைத் தடை செய்தது.

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்த நம் வீடுகளுக்குள்ளேயே சீன வாஸ்துவின் பெயரைச் சொல்லி ஆமை அதிர்ஷ்டசாலியாக நுழைந்தது! ஆனால் அந்த ஐந்து ரூபாய் நாணய அளவுக் குட்டி ஓட்டளவில் ஓர் அடி வரை வளரும், 30 ஆண்டுகள் வாழும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. தொட்டி போதாமல் போனதும் பலர் ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்றும் நினைத்துக் கொள்கிறார்கள். அது பாலாமையின் இரையையும் இடத்தையும் பிடித்துக் கொள்கிறது. வெங்காயத்தாமரை செய்த அதே வேலை!

சரி, பாசி போடலாமா?

போடலாம், போடவும் வேண்டும். இந்த ஆமை குட்டியில் புழு, மீன் என்று அதிகம் தின்னும். வளர வளரச் செடி உணவுக்கு மாறும். வளர்ந்த ஆமைக்கு இலையும் பாசியும்தான் முக்கிய உணவாக இருக்க வேண்டும்.

ஆனால் ஏரியில் அள்ளிப் போடக் கூடாது. வெங்காயத்தாமரை கழிவுநீரில் உள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்துக் கொள்ளும். கழிவுநீரைச் சுத்தம் செய்ய இதைப் பயன்படுத்துவதே இந்தக் குணத்துக்காகத்தான். அந்தச் செடியைத் தின்றால் உலோகமும் ஆமையின் உடம்புக்குள் போகும். அதோடு இதிலும் பழைய ஆகாயத்தாமரையிலும் ஆக்சலேட் இருப்பதால், சுத்தமான தண்ணீரில் வளர்ந்தாலும் அன்றாட உணவுக்கு ஏற்றவை அல்ல.

சுலபமான வழி ஒன்று உண்டு. நம் விவசாயிகள் மாட்டுத் தீவனமாக வளர்க்கும் அசோலாவை மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் வளர்க்கலாம். கொஞ்சம் சாணக் கரைசல் போதும், சில நாட்களில் பரவிவிடும். ஆமைக்குப் போடும் முன் நன்றாக அலசுங்கள். வேலம்பாசி வேண்டுமென்றால் கடையில் ஒரு கொத்து வாங்கி, நத்தையும் மருந்தும் போக இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வளர்த்த பிறகு போடுங்கள்.

மிஞ்சிய செடியைச் சாக்கடையிலோ ஏரியிலோ கொட்டாமல் வெயிலில் காயவைத்துப் பூந்தொட்டிக்கு உரமாகப் போடுங்கள். செம்பாக்கத்தில் நிரம்பும் தண்ணீர் ஏரி ஏரியாகக் கடந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான் போகிறது. 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம் பெற்ற சதுப்பு நிலம் அது. செம்பாக்கத்தில் போட்ட ஒரு கொத்து பள்ளிக்கரணை வரை போய்ச் சேரலாம்.

மேலே பார்த்த கதைகளில் கெட்ட எண்ணத்தோடு செடியைக் கொண்டு வந்தவர் ஒருவர் கூட இல்லை. ஒருவர் பூவுக்காக, ஒருவர் பாடத்துக்காக, ஒருவர் மீன் தொட்டிக்காகக் கொண்டு வந்தார்கள். மிஞ்சியதை எங்கே கொட்டுவது என்று அவர்கள் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஆமை வளர்ப்பவர்களாவது யோசிப்போமே!