ஊர் நேரமும் பொது நேரமும்

மணி என்ன என்று கேட்டால் உடனே விடை சொல்லிவிடுகிறோம். அந்த மணி எந்த ஊரின் மணி என்று எவரும் கேட்பதில்லை. என்னை அவ்வாறு கேட்க வைத்தது, எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் வைஃபைப் பெட்டி. ரௌட்டர் என்பார்களே, அதுதான்.

2021ஆம் ஆண்டு, பள்ளிகள் அடைபட்டுக் கிடந்த காலம். பேரப்பிள்ளைகள் இரவில் கண்விழித்திருப்பதைத் தடுக்க எண்ணி, இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை இணையத்தை நிறுத்துமாறு அப்பெட்டியில் கட்டளை அமைத்தேன். மறுநாள் காலை 9 மணிக்குப் பேத்தி ஓடி வந்தாள். "அப்பாரு, வகுப்பே வரமாட்டேங்குதுங்க! இன்னிக்குக் கணக்குப் பரீட்சைங்க!" இணையம் 10.30 மணிக்குத்தான் வந்தது. தேர்வு முடிந்து போயிற்று. இரவிலோ 3.30 மணி வரை தடையே இல்லை. அதைப் பேரன் என்னிடம் சொல்லவில்லை என்பது வேறு கதை.

பெட்டியின் கடிகாரத்தைப் பார்த்தேன். நமக்கு மணி 11, அதற்கு 5.30. ஐந்தரை மணி வேறுபாடு. ஒரு நிமிடம் கூடவுமில்லை, குறையவுமில்லை. பழுதுபட்ட கடிகாரம் இத்தனை ஒழுங்காகப் பிழை செய்யாது. கடிகாரம் செவ்வனே ஓடிற்று. ஆனால் இங்கிலாந்தின் கிரீனிச் நேரத்தில் ஓடிற்று. பொருத்தியவர் நம் நாட்டு நேரத்தைத் தேர்ந்தெடுக்க மறந்துவிட்டார்.

எந்த ஊரின் நேரத்தைக் கொள்வது என்னும் இக்கேள்வி, நம் நாட்டையே ஒரு நூற்றாண்டுக் காலம் அலைக்கழித்த கேள்வியாகும்.

சூரியன் உச்சிக்கு வரும் வேளை ஊருக்கு ஊர் வேறு. தீர்க்கரேகை ஒரு பாகை மேற்கே சென்றால் நான்கு நிமிடம் பிந்தும். சென்னைக்கு உச்சிப்பொழுதாகி ஏறத்தாழ 13 நிமிடம் கழித்தே கோவைக்கு உச்சிப்பொழுது. நாழிகைக் கணக்கில் அரை நாழிகைக்குச் சற்று மேல். மாட்டுவண்டியில் சந்தைக்குச் சென்ற கொங்கு வேளாளருக்கு இஃது ஒரு பொருட்டன்று. ஆனால் 1862இல் இருப்புப்பாதை போத்தனூரை எட்டியது. சூரியனை நம்பி நிலையத்துக்கு வருபவருக்காகப் புகைவண்டி 13 நிமிடம் காத்திருக்குமா?

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் வானாய்வுக்கூடம் ஒன்றை அமைத்திருந்தனர். அதன் கருங்கல் தூணொன்று, தமிழிலும் எழுத்துப் பொறிக்கப்பெற்று, நுங்கம்பாக்கம் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. சென்னை செல்லும் மாணவர்கள் கண்டு வரத்தக்கது. அங்கே பணியாற்றிய ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் சென்னை நேரத்தை வரையறுத்தார். கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது அது. பம்பாய்க்கோ 4 மணி 51 நிமிடம். கல்கத்தாவுக்கு 5 மணி 53 நிமிடம். இரண்டிற்கும் ஏறக்குறைய நடுவே நின்ற சென்னை நேரமே, 1870ஆம் ஆண்டளவில் இந்திய இருப்புப்பாதைகளுக்குப் பொது நேரமாயிற்று. வானாய்வுக்கூடத்திலிருந்து தந்திவழியே நேரக் குறிப்பு சென்றது. தொலைவிலுள்ள கடிகாரங்கள் அதைக் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொண்டன.

1906 ஜனவரி முதல் நாள், மிர்சாப்பூர் அருகே செல்லும் எண்பத்திரண்டரைப் பாகைக் கோட்டைக் கொண்டு இந்தியப் பொது நேரம் வந்தது. சென்னைக் கடிகாரங்கள் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடவில்லை. பிடிவாதந்தான், ஆயினும் வானத்துச் சூரியன் அவர்கள் பக்கமே இருந்தது!

தந்தியின் வேலையை இன்று இணையம் செய்கிறது. அதற்குரிய முறையை அமெரிக்கரான டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்டார். நம் பெட்டி, புறப்படும் நேரத்தைக் குறித்து ஒரு மடல் விடுக்கிறது. மறுமுனையிலுள்ள கணினி, மடல் வந்த நேரத்தையும் விடை அனுப்பும் நேரத்தையும் எழுதித் திருப்புகிறது. வழியில் கழிந்த மொத்த நேரத்தில் பாதியைப் போக்குக்கு எனக் கொண்டு, பெட்டி தன் பிழையைக் கணக்கிடுகிறது. போக்கும் வரவும் சமமல்லவாயின் கணக்கு சற்றே பிசகும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலைரயில், இறங்குவதைவிட அதிக நேரம் கொள்வதை நீங்கள் அறிவீர்கள்.

மின்சாரம் நின்றால் இத்தகைய பெட்டிகள் பலவும் மணியை மறந்துவிடும். உள்ளே கடிகாரத்துக்கென மின்கலம் இல்லை. மின்சாரம் வந்ததும் சில 1970 ஜனவரி 1 என்று காட்டும். யூனிக்ஸ் கணினி முறையை அமைத்தோர் காலத்தை எண்ணத் தொடங்கிய நாள் அது. விடைமடல் வந்தபின் நாள் திருந்தும். நெடுநேரம் ஆகியும் 1970லேயே நின்றால், கேட்க வேண்டிய கணினியின் பெயர் பெட்டியில் இல்லை, அல்லது வழி அடைபட்டிருக்கிறது என்று கொள்க. சில நிமிடம் மட்டும் பிசகினால், விடை வருவது என்றோ நின்றுவிட்டது. ஐந்தரை மணி பிசகினால், எங்கள் வீட்டுக் கதைதான்.

எங்கள் பெட்டியில் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். புதுதில்லியில் அணுக்கடிகாரங்களால் இந்திய நேரத்தைக் காத்துவரும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் கணினியையே கேட்குமாறும் அமைத்தேன். பேத்திக்கு ஆசிரியை மறுதேர்வு வைத்தார்.

அவளுக்கு நான் கொடுத்த வேலையை உங்களுக்கும் தருகிறேன். கோவையில் உங்கள் பள்ளித் திடலில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, நண்பகலில் அதன் நிழலை அளந்து வாருங்கள். நிழல் மிகக் குறுகுவது 12 மணிக்கு அன்று. பிப்ரவரி நடுவில் 12.36 அளவிலும், நவம்பர் தொடக்கத்தில் 12.06 அளவிலும் அது நிகழும்.